மேட்டடி நிறுத்தம்

போன வாரம், பேட்டரி சைக்கிளின் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தபடி மகளிடம் கையும் களவுமாகப் பிடிபட்ட கண்டக்டரை அப்படியே அம்போவென்று விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாவம், ஒரு வாரமாக விரலை எடுக்காமல் நிற்கிறாள். முதலில் அவளை விடுவித்துவிடலாம்.

புதிதாக வந்து ஏறியவர்களுக்கு இரண்டு வார்த்தை. அவள் இப்போது கண்டக்டர் இல்லை. பஸ்ஸில் டிக்கெட் கொடுக்க மெஷின் வந்த பிறகு, டெப்போவில் தொலைந்த பொருள் கவுண்டரில் உட்கார்ந்து, ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் குடைகளுக்கும் மூக்குக்கண்ணாடிகளுக்கும் காவல் இருக்கிறாள். ஆனாலும் வீட்டிலும் தெருவிலும் அவள் கண்டக்டர்தான். கணவர், டிரைவர். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வேலை பார்த்து, முறைத்துக்கொண்டு, சண்டை போட்டு, கடைசியில் கல்யாணத்தில் போய் நின்றவர்கள். அவர்களுக்குப் பிறந்த ஒரே பெண்ணுக்குச் ‘சில்லறை’ என்று டெப்போவே கூடிப் பட்டப்பெயர் வைத்தது. அவள் இன்று கண்ணாடிக் கடையில் ஊராரின் பார்வையைப் பரிசோதிக்கிறவள். பட்டப்பெயர் மட்டும் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டது.

சில மாதங்களுக்கு முன்பு டிரைவருக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே நெஞ்சுவலி வந்தது. அந்த வலியோடும் வண்டியை நிறுத்தத்தில் கொண்டுபோய் ஒழுங்காக நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டு, ஹேண்ட் பிரேக்கையும் போட்டுவிட்டுத்தான் சாய்ந்தார். ஊரே மெச்சியது. யாராவது அந்தப் பேச்சை எடுத்தாலே கண்டக்டர் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

உடம்பு தேறிப் பழையபடி ஆகட்டும் என்று சில்லறை வாங்கிக் கொடுத்ததுதான் பேட்டரி சைக்கிள். நாம் மிதித்தால் மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். மிதிக்காமல் உட்கார்ந்தால் அதுவும் சும்மா உட்கார்ந்துவிடும். கைப்பிடியில் நாலு அளவு உண்டு. நாலில் வைத்தால் மேடு மேடாகவே தெரியாது. ஒன்றில் வைத்தால் பெரும்பாடு நம் காலுக்குத்தான். போகப் போக அளவைக் குறைத்துக்கொண்டு வரவேண்டும், நடுநடுவே மெல்ல ஓடவும் பழகவேண்டும் என்பது டாக்டர் அம்மாவின் உத்தரவு.

டிரைவர் குறைத்தார். கண்டக்டர் கூட்டினாள். இதுதான் விஷயம்.

தினமும் காலையில் சீட்டைத் துடைக்கிற சாக்கில் போய், அவர் ஒன்றில் வைத்திருப்பதை மூன்றாக்கிவிடுவாள். அவருக்கு வெள்ளெழுத்து. படிக்கிற கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டி எடுப்பார். கைப்பிடியில் இருக்கும் அந்தக் கடுகு சைஸ் எண் அவர் கண்ணுக்கு எங்கே தெரியப்போகிறது?

“அம்மா, நீ செய்யறது உதவி இல்லை. துரோகம்” என்றாள் சில்லறை, அன்று பிடித்தபோது. “அப்பா தன் கால்ல ஏறுறதா நினைச்சிட்டிருக்கார். அந்தத் தெம்புலதான் டெஸ்டுக்குப் போகப் போறார். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்லிடறேன்டி. நாளைக்கு.”

அந்த நாளை, இன்றுவரை வந்து சேரவில்லை.

இன்றைக்குத்தான் டெஸ்ட். மேட்டு ஆஸ்பத்திரியில், ஓடுகிற பட்டைமேல் அவரை ஓடவிட்டு நெஞ்சைப் பார்ப்பார்கள். தேறினால் மறுபடி ஸ்டியரிங். தேறாவிட்டால் டெப்போவில் ஒரு மேஜையும் நாற்காலியும்.

காபி கொடுக்கும்போது சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். குளிக்கிற நேரம் முழுக்க ஒத்திகை பார்த்தாள். ‘ஏங்க, கோபப்படக்கூடாது’ என்று ஆரம்பிப்பதா, ‘நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்’ என்று ஆரம்பிப்பதா என்பதிலேயே வாளித் தண்ணீர் தீர்ந்துபோனது.

ஈரத் தலையோடு வெளியே வந்தால், காபி கலந்து குடித்து, கப்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாயிற்று. அவளுக்கும் ஒரு கப் கலந்து தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தார். படுக்கை மடித்தாயிற்று. மேஜைமேல் அவருடைய போனும், படிக்கிற கண்ணாடியும்.

வண்டி எடுக்கும்போது போனைத் தொடாத மனிதர் அவர். சர்வீஸில் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

வாசலுக்கு ஓடினாள். சைக்கிள் இல்லை.

சில்லறை கடையைத் திறந்து, முதல் ஆளைப் பார்த்து அனுப்பிவிட்டு வந்து காரில் கூட்டிப்போவதாக ஏற்பாடு. இவர் என்னடாவென்றால் தன்னந்தனியாக மிதித்துக்கொண்டே கிளம்பிவிட்டார். அதிலும், ஆஸ்பத்திரி மேட்டை நினைத்துப் பயந்து, நேற்றுச் சாயங்காலமே அளவை நாலுக்கு ஏற்றி வைத்துவிட்டிருந்தாள் இந்தப் புண்ணியவதி!

நேற்று சாப்பிடும்போது அவர் சொன்னது இப்போது காதில் வந்து விழுந்தது. “டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன், மெஷினைக் கொஞ்சம் தாராளமாவே வைங்கன்னு. மேட்டையே மிதிச்சு ஏறுறவனுக்கு அதென்ன பிரமாதம்?”

ஏறினது மேட்டையா? அவரா ஏறினார்? மோட்டார் அல்லவா ஏறியது! அந்த நம்பிக்கையில் பட்டைமேல் ஏறி, மூச்சு முட்டினாலும் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார். வலியோடு பஸ்ஸை நிறுத்தத்தில் நிறுத்திய ஆளாயிற்றே. பாதியில் விடுகிற ஜாதியா?

மகளுக்குப் போன் போட்டாள்.

“அப்பா கிளம்பிட்டார்டி. சைக்கிள்ல.”

“சொல்லிட்டியா?”

“எங்கே சொல்றது? நான் வர்றதுக்குள்ள ஆளைக் காணோம். போனும் இங்கதான் கிடக்கு.”

“அம்மா...” என்று இழுத்தாள் சில்லறை. “நான் இப்பதான் கடையைத் திறந்தேன். ஒருத்தருக்குக் கண்ணுல மருந்து போட்டு உட்கார வெச்சிருக்கேன். அவங்களை விட்டுட்டு உடனே வர முடியாது. நான் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்றேன். நீ டாக்ஸி பிடி.”

டாக்ஸியா? வீட்டு வாசலில் குடிநீர்க் குழாய்க்காகத் தெருவையே வகுந்து போட்டிருந்தார்கள். டாக்ஸி வரவேண்டுமென்றால் அது பறந்துதான் வரவேண்டும். பஸ்? கடிகாரத்தைப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். போக வேண்டியது இப்போதுதான் முனையைத் தாண்டியிருக்கும். அடுத்தது வருவதற்குள் அவர் பட்டைமேல் ஏறி நின்றிருப்பார்.

அப்போதுதான் அவளுக்கு அது நினைவு வந்தது.

டிரைவர் எங்கே போனாலும் பஸ் போகும் வழியில்தான் போவார். அவருக்கு வேறு வழி தெரியாது என்றில்லை, மனசு திரும்பாது. நூலகம், பழைய மில், பள்ளிக்கூடம் என்று சுற்றி வளைத்துத்தான் மேட்டடிக்கு வருவார். அது மட்டுமா? ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிற்பார்.

சிரிக்காதீர்கள். சத்தியமாக நிற்பார். சைக்கிள் வந்த அன்றே அவள் பார்த்துவிட்டாள். நிறுத்தம் வந்தால் வண்டி தானாக ஓரம் கட்டும். ஒரு காலை ஊன்றி, தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மறுபடி மிதிப்பார். “என்னங்க இது?” என்று கேட்டதற்கு, “யாராவது கடைசி நேரத்துல ஓடி வருவாங்கம்மா. பார்த்துட்டுத்தான் எடுக்கணும்” என்றார், ரொம்பச் சாதாரணமாக. ஓடி வருகிறவர்களை ஏற்றிக்கொள்ளச் சைக்கிளில் இடம் எங்கே என்று அவள் கேட்கவில்லை.

பூங்காவுக்குள் புகுந்து குறுக்கே ஓடினால், அவருக்கு முன்னால் மேட்டடி நிறுத்தத்துக்குப் போய்விடலாம்.

ஓடினால்.

அலமாரிக்குக் கீழே ஒரு பெட்டி இருந்தது. சைக்கிள் வாங்கிய அன்று அவளுக்கென்று சில்லறை வாங்கிய ஓட்ட ஷூ. ‘நீயும் அப்பாகூட ஓடும்மா’ என்று கொடுத்தது. ‘நான் ஓடின ஓட்டமெல்லாம் போதும்’ என்று பெட்டியோடு உள்ளே தள்ளிவிட்டாள். இப்போது அதை இழுத்து, காலைத் திணித்து, நாடாவை ஏனோதானோவென்று கட்டிக்கொண்டு கிளம்பினாள். விரல்களை நெரித்தது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவர் கலந்து வைத்துவிட்டுப் போன காபி, மூடியபடி ஆறிக்கொண்டிருந்தது.

குழாய்ப் பள்ளத்தைப் பலகைமேல் தாண்டியபோது, வேலை செய்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “பார்த்தும்மா, பார்த்து!” என்றார். ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கியவளுக்கா பலகை? நல்ல ஜோராகத்தான் தாண்டினாள். பூங்கா வாசல் வரைக்கும் அந்த ஜோர் இருந்தது. அதற்கப்புறம் விலாவில் ஒரு பிடி பிடித்தது.

உடம்பு என்பது மறக்காத சாமான். இத்தனை வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தே கழித்தாயே என்று இப்போது ஒவ்வொரு எலும்பாக வந்து கேள்வி கேட்டது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். டாக்டர் அம்மா அவருக்குச் சொன்னதை ஞாபகப்படுத்திக்கொண்டு, ஒரு பெஞ்சிலிருந்து அடுத்த பெஞ்சு வரை ஓடுவது, அதற்கடுத்த பெஞ்சு வரை நடப்பது என்று வைத்துக்கொண்டாள். நடக்கும்போது மனசு ஓடியது.

‘மோட்டார் வெச்ச சைக்கிள்ல போயிட்டு வந்தே சட்டை பிழியற மாதிரி நனைஞ்சிருக்கே. அப்ப அந்த நெஞ்சுல என்னதான் மிச்சம் இருக்கு?’ தினமும் துணி துவைக்கும்போது அவளை அரித்த கவலை இதுதான். அந்த ஈரச் சட்டையைப் பார்த்துத்தான் அவள் மூன்றை நாலாக்கும் அளவுக்குப் போனாள்.

செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த தோட்டக்காரர் குழாயைத் தள்ளிப் பிடித்து வழிவிட்டார்.

“என்னம்மா, இன்னைக்கு நீங்களா? சார் லீவா?”

எந்தச் சார்? யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறார் என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஓடினாள்.

போன் அடித்தது. சில்லறை.

“அம்மா, ஆஸ்பத்திரியில யாரும் எடுக்கலை. காத்திருங்க, காத்திருங்கன்னு ஒரு பொம்பளை அரை மணியா பாட்டோட சொல்லிட்டிருக்கா. நீ எங்க இருக்கே? ஏன் இப்படி மூச்சு வாங்குது?”

“ஓடறேன்டி.”

“என்னது?”

“ஓடறேன்!”

சில்லறையின் குரல் இறங்கியது: “மெதுவா ஓடும்மா. உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் ரெண்டு பேரை வெச்சுப் பார்க்கணும்.”

மேட்டடி நிறுத்தத்தில் பெஞ்சு காலியாக இருந்தது. அதில் தொப்பென்று விழுந்தாள். எதிரே, ஆஸ்பத்திரிக்கு ஏறும் சாலை சுவர்போல் நிமிர்ந்து நின்றது. அவர் வந்துவிட்டாரா, போய்விட்டாரா? தெருவைப் பார்த்தாள். வரிசையாகக் கார்கள். ஒரு ரொட்டி வேன். அப்புறம், பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து, நிதானமாக, இடதுபக்கம் ஒதுங்கியபடி...

சைக்கிள் நிறுத்தத்துக்கு நேராக வந்து நின்றது. டிரைவர் காலை ஊன்றினார். வழக்கம்போல் தோளுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

ஈரத் தலையும், கோணல் மாணலாய்க் கட்டிய ஷூவும், சிவந்த முகமுமாய்த் தன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் என்ன நினைத்தாரோ, “எங்கம்மா போகணும்?” என்றார்.

“விளையாடாதீங்க.” அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “முதல்ல இறங்குங்க. மேலே போகாதீங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் என்ன வேணா பண்ணுங்க.”

அவர் இறங்கி, சைக்கிளை ஸ்டாண்ட் போட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“நீங்க ஒண்ணுல வைப்பீங்க. நான் மூணாக்கிடுவேன். தினமும். நேத்து நாலாக்கிட்டேன். நீங்க மேடு ஏறலை. மோட்டார்தான் ஏறிச்சு. அதனால டாக்டரம்மாகிட்ட பெருசா ஒண்ணும் சொல்லிடாதீங்க. மெஷினை மெதுவா வைக்கச் சொல்லுங்க. இல்லை, இன்னைக்கு வேண்டாம், இன்னொரு நாள் வர்றோம்னு சொல்லிடலாம்.” ஒரே மூச்சில் கொட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

டிரைவர் சைக்கிளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“ரெண்டாவது கியர்ல போற வண்டிக்கும் நாலாவது கியர்ல போற வண்டிக்கும் சத்தத்துல வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருஷம் ஓட்டினேன்? ஒண்ணுல வெச்சா அது கொசு மாதிரி முனகும். மூணுல வெச்சா மாவு மில்லு. முதல் நாளே தெரியும்.”

அவள் நிமிர்ந்தாள். “தெரியுமா?”

“வாசலைத் தாண்டறதுக்குள்ளயே தெரியும்.”

“தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்தீங்களா? நான் இங்கே செத்துச் செத்துப் பிழைக்கிறேன்! ஏன் சொல்லலை? திரும்பக் குறைச்சிருக்கலாமில்ல?”

அவர் குனிந்து, அவள் காலைப் பார்த்தார். ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள் முதலா நீ தூங்கலை. என் நெஞ்சு மேல கையை வெச்சுட்டு முழிச்சிட்டே கிடப்பே. நான் தூங்குறேன்னு உன் நினைப்பு. நானும் முழிச்சிட்டுத்தான் கிடப்பேன். நீ முதல் தடவையா பொத்தானை அமுக்கினியே, அன்னைக்கு ராத்திரிதான் கையை எடுத்துட்டுத் திரும்பிப் படுத்தே. படுத்ததும் விட்டே பாரு ஒரு குறட்டை! அந்தக் குறட்டையைக் கேட்டப்புறம் எனக்குப் பொத்தானைப் பத்திப் பேச மனசு வரலைம்மா.”

கண்டக்டர் இவ்வளவு நாளும் தான்தான் அவரைப் பார்த்துக்கொண்டதாக நினைத்திருந்தாள்.

“அப்ப... அந்தச் சட்டை? பிழியற மாதிரி நனைஞ்சு வருமே?”

“அதுவா? நீ மூணுல வெச்சா காலுக்கு வேலை இல்லையே. டாக்டர் சொன்ன கணக்கு குறையுதேன்னு, சைக்கிளைப் பூங்காவுல பூட்டிட்டு ஓடினேன். முதல்ல ஒரு பெஞ்சுலேருந்து அடுத்த பெஞ்சு வரைக்கும். இப்ப முழுச் சுத்தும் ஓடறேன். வேணும்னா தோட்டக்காரரைக் கேளு.”

சார் லீவா என்று கேட்டாரே, அந்த மனிதர்! கண்டக்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே விட்டாள்.

அவர் அவளுடைய வலது ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே கையை விட்டார். கசங்கிய காகிதப் பந்து ஒன்று வந்தது. கடையில் வடிவம் கெடாமலிருக்க அடைத்து வைத்த காகிதம். இடது ஷூவிலிருந்து இன்னொன்று.

“இதோடவா ஓடி வந்தே?”

“புதுசு, அதான் கடிக்குதுன்னு நினைச்சேன்.”

“கெட்டிக்காரி!” சிவந்துபோயிருந்த அவள் கால்விரல்களை உள்ளங்கையில் வைத்து மெல்ல நீவிவிட்டார். நட்ட நடு நிறுத்தத்தில், நாலு பேர் போகிற வருகிற இடத்தில். வேறொரு நாளாயிருந்தால் காலை இழுத்துக்கொண்டிருப்பாள். இன்று இழுக்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லட்டுமா?” என்றாள். “நீங்க பாஸாகணும்னு வேண்டிக்கிறேன். பாஸாகக் கூடாதுன்னும் வேண்டிக்கிறேன். ரெண்டும் நிஜம். மறுபடி நீங்க வண்டி எடுத்தா, போன் அடிக்கிறப்பல்லாம் எனக்கு உயிர் போகும். அன்னைக்கு உங்க பின்னால யாருமே இல்லையே. நான் இருந்திருந்தா முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிருப்பேன்.”

“கண்டுபிடிச்சிருப்பே” என்று ஒத்துக்கொண்டார். “அதான் சொல்றேன். பாஸானா உடனே வண்டி எடுத்துடுவேன்னு உனக்கு யார் சொன்னா? நீ மணி அடிக்காம நான் என்னைக்கு வண்டி எடுத்திருக்கேன்?”

“இத்தனை வருஷம் கண்டக்டர் இல்லாமத்தானே ஓட்டினீங்க?”

“ஓட்டினேன். அது எங்க போய் நின்னுதுன்னு பார்த்தியே.”

அவளுக்குச் சுருக்கென்றது. அவர் ஷூவை மறுபடி மாட்டி, நாடாவை இரட்டை முடிச்சாகப் போட்டார்.

“நான் போய் அந்த மெஷின்ல ஓடறேன். என்னால முடியும்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். வெளியே வந்தப்புறம் நீ அடி. ரெண்டு அடிச்சா, போறேன். ஒண்ணு அடிச்சா, நின்னுடறேன். ஏன்னு கேக்க மாட்டேன். ஒரு தடவை அடிச்சு நிப்பாட்டினப்ப என்னைக்காவது ஏன்னு கேட்டிருக்கேனா?”

“இதை என் தலையில கட்டாதீங்க.”

“இத்தனை நாள் பொத்தான் உன் கையிலதானே இருந்துச்சு? மணியும் இருக்கட்டும்.”

அவர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். “வா. நீயே அணைச்சுடு. நாலு, மூணு எல்லாம் வேண்டாம்.”

கூட்டுவதற்கே பழகிய விரல். நாலிலிருந்து மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒவ்வொரு அழுத்தாக இறக்கினாள். கடைசியில் சிறு திரை அணைந்தது. மோட்டார் போய்விட்டது. மிச்சம் இருந்தது ஒரு மனிதரும், இரண்டு காலும், ஒரு மேடும்.

அவர் நகரவில்லை.

“போங்க” என்றாள்.

அவர் நேரே சாலையைப் பார்த்தபடி இருந்தார். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டிக் கைப்பிடி மணியை அடித்தாள். டிங். டிங்.

சைக்கிள் நகர்ந்தது.

முதல் பத்தடி சும்மா போனது. அப்புறம் மேடு தன் வேலையைக் காட்டியது. அவர் இடுப்பை உயர்த்தி நின்று மிதித்தார். அவள் பக்கத்திலேயே ஓடினாள். காகிதம் போன ஷூவில் கால்கள் வீடு மாறியதுபோல் தாராளமாக இருந்தன. சீட்டைப் பிடித்து ஒரு தள்ளுத் தள்ளவேண்டும் என்று கை பரபரத்தது. அந்தக் கையை நம்பாமல், இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினாள். அப்படி ஓடுகிற ஒருத்தியை அந்தச் சாலை அதற்குமுன் பார்த்திருக்காது.

“முகத்தைப் பார்த்துக்கிட்டே வர்றியா?” என்றார், மூச்சுக்கு நடுவே.

“பார்த்துக்கிட்டேதான் வர்றேன்.”

“எப்படி இருக்கு?”

“வேர்வை. வேற ஒண்ணுமில்லை. பேசாம மிதிங்க.”

மிதித்தார். ஏறிவிட்டார். நிஜமாகவே, தன் காலாலேயே.

டெஸ்ட் அறைக்கு வெளியே கண்டக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது சில்லறை வந்து சேர்ந்தாள். கடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னார்?”

“நான் குறட்டை விடறேனாம்.”

சில்லறை விழித்தாள். கண்டக்டர் நடந்ததையெல்லாம் சொன்னாள், மணி விஷயம் உட்பட. கேட்டு முடித்துவிட்டுச் சில்லறை அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். உள்ளே பட்டை ஓடும் சத்தம் கேட்டது. அதன்மேல் காலடிகள், சீராக. அந்தச் சீர் தப்பிவிடக் கூடாதே என்று இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

தப்பவில்லை.

டாக்டர் அம்மா வெளியே வந்து, “என்ன சாப்பாடு போடறீங்க இவருக்கு?” என்று கேட்டுச் சிரித்தார். “நெஞ்சு ஒழுங்கா இருக்கு. பஸ் ஓட்டலாம். நான் எழுதிக் கொடுத்துடறேன். ஓட்டறதா வேண்டாமாங்கறது நீங்க வீட்டுல பேசி முடிவு பண்ணிக்குங்க.”

பின்னாலேயே துண்டால் கழுத்தைத் துடைத்தபடி டிரைவர் வந்தார். அவர் முகத்தில் இருந்த மலர்ச்சியைக் கண்டக்டர் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே பயமும் வந்தது. சொன்ன சொல் தவறாமல் அவர் எதுவும் கேட்கவில்லை. “கிளம்பலாமா?” என்றார், அவ்வளவுதான்.

வாசலில் சைக்கிள் நின்றது. இனி இறக்கம். அவர் ஏறி உட்கார்ந்து, ஒரு காலைப் பெடலில் வைத்து, மறு காலைத் தரையிலிருந்து பாதி எடுத்தபடி, நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழேயிருந்து அவர்கள் டெப்போ பஸ் ஒன்று மேட்டை ஏறி வந்தது. ஓட்டிவந்தவர் இவரை அடையாளம் கண்டு, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தினார். டிரைவரும் உயர்த்தினார். பஸ் தாண்டிப் போன பிறகும் அந்தக் கை கீழே இறங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

கண்டக்டர் அதைப் பார்த்தாள். அவர் கழுத்தில் இன்னும் காயாத வேர்வையையும் பார்த்தாள். ஒரு கையால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, கட்டைவிரலை மணியின் மேல் வைத்தாள்.

டிங்.

டிரைவர் தூக்கியிருந்த காலைத் தரையில் ஊன்றினார். திரும்பிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்கவும் இல்லை.

“அம்மா!” என்றாள் சில்லறை, பின்னாலிருந்து.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் விடலாம் என்று டெப்போவில் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கண்டக்டரின் விரல் இன்னும் மணியின் மேலேயே இருந்தது.